பதுளைக்கு ஒரு சிறு வீதி

யொஹானஸ் வெர்மீர் வரைந்த ‘சிறு வீதி’ ஓவியத்தின் உயரம் 54 சென்டிமீட்டர், அகலம் 44 சென்டிமீட்டர். ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1658ஆம் ஆண்டை ஒட்டி வரையப்பட்ட அந்தப் படம் 1921 முதல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. பழைய செங்கல் வீடு ஒன்று. அதன் திறந்த வாசலில் தலை குனிந்து கைவேலை செய்துகொண்டிருக்கும் பெண். வீட்டின் முன்னால் தரையில் முழந்தாளிட்டு விளையாடும் இரண்டு பிள்ளைகள். பக்கத்துச் சந்தில் ஒரு பீப்பாவின் அருகே குனிந்து நிற்கும் இன்னொரு பெண். அவள் காலடியிலிருந்து வீதியை நோக்கி வரும் தண்ணீர்க் கான். மேலே மேகம் கவிந்த வானம். நால்வரில் ஒருவருடைய முகமும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. யாரும் நம்மைப் பார்ப்பதுமில்லை.

போர் முடிந்த ஓர் ஊரின் வீதி என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். ஊவாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தொலைதூரத்துப் படமும் அல்ல. பதுளை நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் கடந்த 400 ஆண்டுகளுக்குள் மூன்று தடவை எரிந்திருக்கின்றன. எரித்தவர்களைப் பற்றி எழுத்து இருக்கிறது. எரிந்ததைப் பற்றிச் சாட்சியங்களும் இருக்கின்றன. அதன் பிறகு வாசலைத் திறந்து வைத்து உட்கார்ந்தவர்களைப் பற்றி, எல்லோரும் அறிந்த ஓர் ஓவியம் பதுளைக்கு இல்லை. அது ஏன் இல்லை, இனி எப்படி வரலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

முதலில் வெர்மீரின் ஊர். ஸ்பானிய அரசனுக்கு எதிராக ஒல்லாந்தர் நடத்திய போர் 1568இல் தொடங்கி 1648இல் மியூன்ஸ்டர் உடன்படிக்கையோடு முடிந்தது. எண்பது ஆண்டுகள். அந்தப் போரின் தலைவரான ஓரேஞ்ச் இளவரசர் வில்லியம் 1584 ஜூலை 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது டெல்ஃப்டில்தான். உடன்படிக்கை கைச்சாத்தானபோது வெர்மீருக்குப் பதினைந்து வயது. இடையில் வந்த போர்நிறுத்தக் காலத்தைத் தவிர, அவருடைய தாய் தந்தையர் போரில்லாத ஓர் ஆண்டைக்கூட அதற்குமுன் முழுமையாகக் கண்டிருக்க மாட்டார்கள்; அந்தப் போர்நிறுத்தமும் அவர்கள் இளமையோடு முடிந்துவிட்டது.

போர் முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடவில்லை. நகரத்தின் வடகிழக்கு மூலையில், பழைய கன்னியர் மடம் ஒன்றில், போருக்கென்று சேர்த்த வெடிமருந்து அப்படியே கிடந்தது. உடன்படிக்கைக்கு ஆறு ஆண்டுகளின் பின்னர், 1654 அக்டோபர் 12ஆம் திகதி காலையில் அது வெடித்தது. பல பத்துத் தொன் மருந்து. நகரத்தின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் ஒருவர் காரல் ஃபப்ரிஷியஸ் என்ற ஓவியர், வயது 32. அந்த நகரத்தில் அப்போது இருந்த ஓவியர்களில் அவரே மிகப் பெரியவர் என்று பலர் கருதுகிறார்கள்.

இதன் பிறகு டெல்ஃப்டில் இரண்டு விதமான படங்கள் வரையப்பட்டன. எக்பர்ட் வான் டெர் புல் என்ற ஓவியர் அந்த வெடிப்பையும் இடிபாடுகளையும் திரும்பத் திரும்ப வரைந்தார். கூரை போன வீடுகள், மொட்டை மரங்கள், காயம்பட்டவரைத் தூக்கிச் செல்பவர்கள். ஒரே காட்சியை அவர் பல தடவை வரைந்ததற்கு வாங்குவோர் இருந்ததும் காரணம். மறக்க முடியாமையும் காரணமாக இருக்கலாம். வெர்மீர் அந்தப் பக்கமே போகவில்லை. வெடிப்பு நடந்து நான்கைந்து ஆண்டுகளில், விழாமல் நின்ற ஒரு பழைய வீட்டின் முன்னால் நின்று அதை வரைந்தார்.

அந்த வீட்டுச் சுவரைக் கவனித்துப் பார்க்க வேண்டும். செங்கல்லில் விரிசல்கள் ஓடுகின்றன. விரிசல்களைச் சாந்து பூசி அடைத்திருக்கிறார்கள். பூசிய இடம் நிறம் வெளுத்துத் தெரிகிறது. சுவரின் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், அதுவும் ஆட்கள் சாய்ந்து சாய்ந்து அழுக்கேறியிருக்கிறது. ஜன்னல் பலகைகளில் சில திறந்திருக்கின்றன, சில மூடியிருக்கின்றன. அந்த விரிசல் வயதால் வந்ததா, வெடிப்பால் வந்ததா என்று படம் சொல்வதில்லை. சுவர் ஒரு தடவை பிளந்தது, யாரோ ஏணி வைத்து ஏறி அதைப் பூசினார்கள், அதன் கீழே இப்போது ஒரு பெண் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறது. போரைப் பற்றிய ஓவியங்களில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் கண்டதில்லை. முதலில் சந்தின் முகப்பிலும் வெர்மீர் ஓர் உருவத்தை வரைந்திருந்தார் என்பதும் பிறகு அதை அழித்து மேலே வண்ணம் பூசினார் என்பதும் ஆய்வில் தெரிய வந்திருக்கின்றன. ஆளைக் குறைத்ததால் சந்து திறந்து, உள்ளே பீப்பாவடியில் நிற்கும் பெண்வரை கண் போகிறது.

இனி இந்த அமைதியின் மறுபக்கம். இதைச் சொல்லாமல் தமிழர் ஒருவர் இந்தப் படத்தைப் பற்றி எழுதக் கூடாது. 1658 ஜூன் மாதத்தில், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பிறகு, யாழ்ப்பாணக் கோட்டை பறங்கியர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. வெர்மீர் வாசலில் தைக்கும் பெண்ணை வரைந்துகொண்டிருந்த அதே காலம். படையெடுத்து வந்த ரைக்லொஃப் வான் கூன்ஸுடன் ஒரு பாதிரியாரும் வந்தார். பிலிப்பஸ் பால்டேயஸ் என்பது பெயர். அவர் 1632 அக்டோபரில் டெல்ஃப்டில் திருமுழுக்குப் பெற்றவர். வெர்மீரும் 1632 அக்டோபரில் டெல்ஃப்டில் திருமுழுக்குப் பெற்றவர். ஒரே ஊரில், ஒரு வார இடைவெளியில் ஞானஸ்நானம் பெற்ற இரண்டு குழந்தைகளில் ஒருவர் அந்த ஊரின் அமைதியை வரைந்தார். மற்றவர் அந்த ஊருக்குச் செல்வம் தேடிய கம்பனியின் ஆட்சி நம் மண்ணில் நிலைகொள்ளத் துணை நின்றார். டெல்ஃப்டில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஒரு கிளைச் சபை இருந்தது. நம் கறுவா அங்கே பணமாயிற்று. நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த பெயரும் டெல்ஃப்ட்தான். ஆங்கிலத்தில் இன்றும் அது அப்படியே வழங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய பால்டேயஸின் நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. யாழ்ப்பாணத்துக் கோட்டையும் ஊர்த் தேவாலயங்களும் அதில் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக இருக்கின்றன. ஆள வந்தவர்களுக்குத் தேவையான காட்சிகள் அவை. அந்த 1672ஆம் ஆண்டே ஒல்லாந்து மீது பிரான்ஸ் படையெடுத்தது. ஓவியம் வாங்க ஆளில்லாமல் போனது. 1675 டிசம்பரில் வெர்மீர் கடனில் இறந்தார். போர்க்காலத்தில் தன் கணவரால் படங்களை விற்க முடியவில்லை என்று அவருடைய மனைவி பின்னர் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்த மனு இன்றும் இருக்கிறது. அமைதியான வீதியை வரைந்தவரையும் கடைசியில் போர் வந்து பிடித்துக்கொண்டது.

இப்போது பதுளை.

1630 ஆகஸ்டில் பறங்கியரின் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும் படையோடு ஊவாவுக்குள் நுழைந்து பதுளையைக் கொள்ளையிட்டு எரித்தார். முதியங்கணை விகாரையும் தப்பவில்லை. திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலையில், கண்டிப் படை அவரை வளைத்துக் கொன்றது. வெற்றியைக் கண்டி நினைவில் வைத்திருக்கிறது. எரிந்த பதுளை வீதிக்கு மக்கள் எப்போது திரும்பினார்கள், கூரையை எதனால் வேய்ந்தார்கள் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை.

இரண்டாவது எரிப்பு 1817–18இல். ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். ஆளுநர் பிரவுன்றிக்கின் படை வீடுகளைக் கொளுத்தியது, பழமரங்களைத் தறித்தது, மாடுகளைக் கொன்றது, நெல்லை அழித்தது. எழுச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் தலை வெட்டப்பட்டார். அந்த ஆண்டுகளில் இலங்கையில் இருந்த படை வைத்தியர் ஜோன் டேவி 1821இல் எழுதிய நூலில், போரிலும் நோயிலும் பட்டினியிலும் இறந்த மலைநாட்டு மக்கள் 10,000 பேர் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார். டேவி ஊவாவுக்கு வந்தவர், பதுளையைப் பார்த்தவர். அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகளில் பலர் சித்திரம் வரையக் கற்றவர்கள். மலை, அருவி, கணவாய் எல்லாவற்றையும் வரைந்து லண்டனில் அச்சிட்டார்கள். அழகான இயற்கை அவர்கள் கண்ணில் பட்டது. வெறிச்சோடிய வயல் எப்படி வெறிச்சோடியது என்பது அந்தப் படங்களில் இல்லை. சிங்கள விவசாயியின் காயமும் இப்படித்தான் வரையப்படாமல் போயிற்று என்பதை மலையகத் தமிழர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு வந்து குடியேறிய மண் அந்தப் போரால் வெறுமையாக்கப்பட்ட மண்.

மூன்றாவது, நம்மில் பலருக்கு நேரில் தெரிந்தது. 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தொடங்கிய வன்முறை மூன்று நாட்கள் பதுளைக்கு வரவில்லை. 27ஆம் திகதி காலை பத்தரை மணியளவில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் கொளுத்தப்பட்டது. நண்பகலில் ஒரு கும்பல் தமிழர் கடைகள் இருந்த வீதிகளில் ஒழுங்காகத் தீ வைத்துக்கொண்டு போனது. பிறகு வீடுகள். பிறகு பறித்த பஸ்களிலும் வேன்களிலும் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை. இரவுக்குள் தீ லுணுகலைவரை போய்விட்டது. அதே 27ஆம் திகதி கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் வைத்தியர் இராஜசுந்தரம். 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட மலையக மக்களை வவுனியாப் பக்கத்தில் குடியேற்றிய காந்தியம் அமைப்பை நடத்தியவர் அவர். 83க்குப் பிறகு ஊவாவிலிருந்தும் குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அங்கே காடு வெட்டிக் கொட்டில் போட்டன. 2009இல் போரின் முடிவில் அந்தக் கொட்டில்களும் போய், முட்கம்பி முகாமுக்குள் அடைபட்டன. ஊவாவில் போர் நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தப் பயணத்தை நடந்து பார்க்க வேண்டும்.

இந்த வீதிகளில் சிங்களப் பிள்ளைகளின் இரத்தமும் விழுந்திருக்கிறது. 1971 ஏப்ரல் 5 அதிகாலையில் இளைஞர் கிளர்ச்சியின் முதல் தாக்குதல் நடந்தது ஊவாவின் வெல்லவாய பொலிஸ் நிலையத்தில். 1987 தொடக்கம் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சியின் பயங்கரமும் ஊவாவைத் தீண்டியது. இரத்தம் அதோடு நின்றுவிடவில்லை: 2000 அக்டோபர் 25 காலையில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து, காவலில் இருந்த தமிழ் இளைஞர்களில் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அந்த வழியாக இன்று பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சாலை அமைதியாகத்தான் தெரியும்.

ஆகவே அமைதி என்று சொன்னால் எந்த அமைதி என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினார்கள். மறுநாள் யாழ்ப்பாண வீதிகளும் அமைதியாக இருந்தன. 1983 ஜூலை 28 காலையில் பதுளைக் கடைவீதியிலும் சத்தம் இருந்திருக்காது. ஓவியன் ஒருவன் அந்த வீதிகளையும் வெர்மீர் போலவே வரையலாம்: செங்கல், வானம், மூடிய கதவு. அந்த அமைதிக்கும் டெல்ஃப்டின் அமைதிக்கும் உள்ள வேறுபாட்டை வெர்மீர் நான்கு உருவங்களை வைத்துக் காட்டிவிடுகிறார். கதவு திறந்திருக்கிறது. பிள்ளைகள் வெளியே இருக்கிறார்கள். வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடுகிறார்கள். வருகிறவன் யார் என்று திரும்பிப் பார்க்கும் தேவை அவர்களுக்கு இல்லை. பெண்ணின் கண் ஊசியில் இருக்கிறது. பயந்த ஊரில் எந்தப் பெண்ணும் வாசலில் உட்கார்ந்து தலை குனிந்து தைக்க மாட்டாள். போருக்குப் பிந்திய எந்த வீதிப் படத்தையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். 2009க்குப் பிறகு கார்ப்பெட் போட்ட வீதிகளின் படங்களைப் பத்திரிகைகளில் நிறையப் பார்த்தோம். அவற்றில் வீதி இருந்தது. குனிந்து தைக்கும் பெண் இருந்தாளா என்று பாருங்கள்.

தோட்டத்தில் வீதி ஏது என்று கேட்கலாம். லயம்தான் எங்கள் வீதி. மேட்டு லயம், பணிய லயம், பத்துக் காம்பரா லயம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நீளமாக ஒரே கூரை. அதன் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. வாசலை ஒட்டி ஓடும் கான். கொஞ்சம் தள்ளிப் பீலி. பின்னேரம் மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைப்பார்கள், பேன் பார்ப்பார்கள். பிள்ளைகள் கானோரத்தில் விளையாடுவார்கள். வெர்மீரின் படத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் பசறையிலும் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் இருக்கிறது: விரிசல் பூசிய சுவர், அடியில் அடித்த சுண்ணாம்பு, பீப்பா, கான், குனிந்த பெண், முகம் திரும்பிய பிள்ளைகள். 2012 குடிசனக் கணக்கின்படி பதுளை மாவட்டத்தில் மட்டும் சுமார் ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர்கள் இருந்தார்கள்.

உலகம் பார்த்த ஊவாப் படம் வேறு. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளை டம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். அதன் பிறகு அவருடைய தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண் உலகம் முழுக்கப் போனாள். பின்னால் பச்சை மலை, மேலே நீல வானம், பெண்ணின் முகத்தில் சிரிப்பு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே படம்தான், சுற்றுலாச் சுவரொட்டி வரை. அவள் வேலை செய்யும் இடத்தை அந்தப் படம் காட்டுகிறது. வேலை முடிந்து அவள் எங்கே போகிறாள் என்பதைக் காட்டியதே இல்லை. லயத்தை வரைந்தால் தேயிலை விற்காது.

எழுத்தில் நாங்கள் இவ்வளவு ஏழைகள் அல்ல. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், தான் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, 2022இல் இறக்கும் வரை லயத்து வாழ்க்கையை எழுதினார். அவருடைய கதைகளில் சுவர் உண்டு, கூரை ஒழுக்கு உண்டு. ஓவியத்துக்கு அப்படி ஒரு பரம்பரை உருவாகாததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. கதை எழுத ஒரு கொப்பியும் பேனையும் போதும். வண்ணத்துக்கும் துணிக்கும் பணம் வேண்டும், வரைந்து காயவைக்க இடம் வேண்டும், தொங்கவிடச் சுவர் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் படுக்கும்போது இடத்துக்கு எங்கே போவது? அந்தச் சுவரும் தோட்டத்துக்குச் சொந்தம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று பங்கிடப்பட்டவர்களுக்கு, தாங்கள் இருக்கும் வீட்டை வரைந்து வைக்கும் எண்ணமே வந்திருக்காது. அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாதவர் எந்த வாசலை வரைவார்?

இந்த இடத்தில் டெல்ஃப்டுக்கு ஒரு தடவை திரும்ப வேண்டும். வெர்மீர் வரைந்த வீடு எது என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்கள் தேடினார்கள். 2015இல் ஃப்ரான்ஸ் கிரைசன்ஹவுட் என்ற கலை வரலாற்றாசிரியர், அது ஃபிளாமிங்ஸ்ட்ராட் வீதியில் இன்று 40, 42 என்று இலக்கமிட்ட இடம் என்று அறிவித்தார். எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை; ஆனால் அவர் காட்டிய சான்று அருமையானது. 1667இல் டெல்ஃப்ட் நகரசபை வாய்க்கால் தூர்வாரும் செலவுக்கு வரி அறவிட ஒரு பதிவேடு எழுதியது. வாய்க்காலோரத்தில் இருந்த ஒவ்வொரு வீடும், வீட்டுக்கு வீடு உள்ள சந்தும் எத்தனை அகலம் என்று அதில் இருக்கிறது. இரண்டு சந்துகள் அருகருகே வரும் இடத்தை அதில் தேடிப் பிடித்தார். அந்த வீட்டில் இருந்தவர் வெர்மீரின் தந்தையுடைய சகோதரி முறையான ஒரு விதவை. ஆட்டு மாட்டுக் குடல் விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். அரசகுமாரியோ கோடீஸ்வரியோ இல்லை. குடல் விற்ற பெண்ணின் வாசல் எத்தனை அடி என்று நகரசபை எழுதி வைத்ததால், 350 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பெயர் நமக்குக் கிடைக்கிறது.

லயத்துக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. பெயர், டிவிஷன், தோட்டம், அருகிலுள்ள நகரம்: இதுதான் எங்கள் முகவரி. கடிதம் தோட்டத்து ஒபீஸுக்கு வரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் வேலைக் கடிதமும் காலம் கடந்து கைக்குக் கிடைத்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் நேரடியாகச் சேவை செய்ய இடம் தரவில்லை. அதைத் திருத்த 2018 வரை ஆயிற்று. தெருவிளக்கும் கானும் பாதையும் போட உரிமையுள்ள சபை தோட்டத்து வாசலைத் தாண்டி வர முடியாதிருந்தது. பதிவு எல்லாம் நன்மைதான் என்றும் நான் சொல்லவில்லை. 1983இல் கொழும்பில் கும்பல்கள் கையில் வைத்திருந்தது வாக்காளர் பட்டியல். தமிழர் வீடு எது என்று தேடுவதற்கு அது உதவிற்று. யார் எழுதுகிறார்கள், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது பதிவேடு.

வடக்கில் இதற்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தாமோதரம்பிள்ளை சனாதனன் 2011இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கலைநூலை வெளியிட்டார். ஒல்லாந்தர் நம் காணிகளை எழுதிவைத்த தோம்புப் பதிவேடுகளின் வடிவத்தை எடுத்து, அதற்குள் போரில் வீடிழந்தவர்களின் வீடுகளை வைத்தார். இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே வரைந்தார்கள். அந்தக் கோடுகளைக் கட்டடக்கலை வரைபடமாக்கி, பக்கத்தில் அவர்கள் சொன்னதையும் தன் ஓவியத்தையும் சேர்த்தார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று எல்லாம் இருக்கிறது. ஆண்டவர்களின் ஏடு வீடிழந்தவர்களின் ஏடாக மாறியது. போருக்குப் பிந்திய இலங்கையில் வந்த கலைப்படைப்புகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

மலையகத்திலும் தொடக்கம் நடந்துவிட்டது. ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் போன்ற இளைய தலைமுறை ஓவியர்கள் தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பைகளையும் லயத்து வாழ்வையும் பொருளாக்கிக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் காட்சிக்கு வைக்கிறார்கள். அவர்கள் பேசும் துயரம் உண்மையானது. அதோடு இன்னொன்றும் வேண்டும் என்று கேட்கிறேன்: இன்ன தோட்டம், இன்ன டிவிஷன், இந்த லயம், இந்த வாசல் என்று அடையாளம் சொல்லக்கூடிய படம். லயம் என்ற பொதுச் சின்னத்தை வரைவது எளிது. பணிய லயத்தின் நான்காம் காம்பரா வாசலில் சாந்து எந்த இடத்தில் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்து வரைவதற்கு அங்கே போய் நிற்க வேண்டும்.

காலமும் அதிகம் இல்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே இருந்த காம்பராக்களின் வரிசையும் வாசல்களும் மண்ணுக்குள் போய்விட்டன. இன்னொரு பக்கம், நல்ல காரணத்துக்காகவும் லயங்கள் போகின்றன. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு வருகிறது. இந்திய உதவித் திட்டத்தில் 2025 அக்டோபரில் பண்டாரவளையில் சுமார் 2,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. லயம் இடியட்டும். ஒழுகும் கூரையை அழகு என்று பாதுகாக்கச் சொல்பவன் அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து வையுங்கள்.

ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் இதைக் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த தவணையில் மயிலையும் தாமரையையும் கொடுப்பதற்குப் பதிலாக அவர்கள் லயத்தைக் கொடுங்கள். அளவு நாடாவால் இஸ்தோப்பின் நீள அகலத்தை அளக்கட்டும். எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதட்டும். 77இல் போனவர்கள், 83இல் போனவர்கள், இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் எல்லாரையும். பதுளை நகரத்துப் பிள்ளைகள் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கடைவீதியைக் கடை கடையாக வரையட்டும்; சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கூட இருந்து வரையட்டும். ஒவ்வொரு தாளிலும் திகதியும் இடமும் வரைந்தவர் பெயரும் இருக்க வேண்டும். பிரதி ஒன்று பாடசாலையிலும், ஒன்று பதுளைப் பொது நூலகத்திலும், ஒன்று அந்தக் குடும்பத்திடமும் இருக்க வேண்டும். இதற்கு அரச அனுமதி தேவையில்லை, பெரும் பணமும் தேவையில்லை. வரும் தவணையிலேயே தொடங்குங்கள்.